ஊருக்குப் போய்த் திரும்பினால் கிளம்ப மறுக்கும் மோட்டார்சைக்கிள்: பேட்டரியை மீட்கலாமா, மாற்ற வேண்டுமா?

ஒரு மாத விடுப்பில் தமிழகம் சென்றவர் ஞாயிறு இரவு சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்குகிறார். திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்ப வேண்டும். முதல் ரயிலுக்குக் காத்திருந்தால் துவாசுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சைனாடவுனில் அவர் குடியிருக்கும் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் வண்டி விட்ட இடத்திலேயே நிற்கிறது. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டுமே வருகிறது.

தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை என்று ஊருக்குப் போய்வரும் பலருக்கும் இது பழக்கமான காலைதான். உணவு விநியோகம் செய்பவருக்கு அது ஒரு நாள் வருமானம். பாதுகாவலர், துப்புரவாளர், தொழிற்சாலை ஊழியர் போன்றவர்களுக்கு வேலைக்கு வராத நாளாகிவிடும்.

சைனாடவுனுக்கு கிரேத்தா ஆயர் என்றும் ஒரு பெயர் உண்டு. மலாயில் அதற்குத் ‘தண்ணீர் வண்டி’ என்று பொருள். மாட்டுவண்டிகள் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் ஏற்றி வந்த காலத்தில் நிலைத்த பெயர் அது. வண்டி ஓடாத நாளிலும் மாட்டுக்குத் தீனி போட்டாக வேண்டும். மோட்டார்சைக்கிளின் பேட்டரியும் அப்படித்தான். ஓடினால்தான் தேயும், நின்றால் அப்படியே இருக்கும் என்று நினைப்பது தவறு. நிற்கும்போதுதான் அது அதிகம் கெடுகிறது.

நாடே நிறுத்திவைத்த வண்டிகள்

ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களில் பனிக்காலத்தில் மோட்டார்சைக்கிளை மாதக்கணக்கில் மூடிவைப்பது வழக்கம். சிங்கப்பூரில் பனிக்காலம் இல்லாததால் அந்தப் பழக்கமும் இல்லை. ஆனால் 2020ல் அதுபோன்ற ஒரு காலம் இங்கும் வந்தது. கொவிட்-19 பரவலை முறியடிக்கும் நடவடிக்கை ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கி ஜூன் 1ஆம் தேதி வரை, 56 நாள் நீடித்தது. அத்தியாவசிய வேலையில் இல்லாதவர்களின் வண்டிகள் எட்டு வாரம் அசையாமல் நின்றன. அதற்கு முன்பே, மார்ச் 18ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடப்புக்குக் கொண்டுவந்ததில், வண்டி ஒரு கரையிலும் உரிமையாளர் மறுகரையிலுமாகச் சிக்கியவர்களும் உண்டு. நில எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

எட்டு வாரம் நின்ற பேட்டரிகளில் பல மீண்டன. ஈராண்டு நின்றவற்றை மீட்க வழியே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் கேள்விக்குறி. அதற்கு விடை காண, பேட்டரிக்குள் நடப்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

சாவி போடாமலே எப்படி இறங்குகிறது?

மோட்டார்சைக்கிளில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்தே 1859ல் உருவாக்கிய முறைதான் அதன் அடிப்படை. ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் கொண்ட ஆறு அறைகள் அதில் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், நிறைந்த பேட்டரி 12.6 வோல்டுக்கு மேல் காட்டும்.

அது இரண்டு வழிகளில் காலியாகிறது. முதலாவது, உள்ளுக்குள்ளேயே நடக்கும் இயல்பான இறக்கம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது இதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. குளிர்நாட்டுக் கொட்டகையில் மூன்று மாதம் தாங்கும் பேட்டரி, பகலில் 31, 32 டிகிரியைத் தொடும் சிங்கப்பூரில் அவ்வளவு நாள் தாங்காது.

இரண்டாவது, வண்டியின் சாதனங்கள் குடிக்கும் மின்சாரம். கடிகாரம், கணினிப் பெட்டி, திருட்டு அலாரம், பின்னர் பொருத்திய கேமரா, கைப்பேசிக்கான யூஎஸ்பி இணைப்பு ஆகியவற்றில் சில, சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 2பி உரிமத்தில் ஓட்டும் சிறிய வண்டிகளின் பேட்டரி கார் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி 5 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்தாலும் ஒரு நாளுக்கு 0.12 ஆம்பியர்-மணி போகும். முப்பது நாளில் 3.6, அதாவது எழுபது விழுக்காட்டுக்கு மேல் காலி. அலாரத்தையும் சேர்த்து 20 மில்லி ஆம்பியர் போனால் பத்தே நாளில் பேட்டரி தீர்ந்துவிடும்.

காலியானதோடு விஷயம் முடிவதில்லை. மின்சாரம் இறங்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது மறுபடி கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிக் கல்போல் ஆகிவிடும். இறுகிய இடம் அதன்பின் மின்சாரத்தைச் சேமிக்காது. காலியான பேட்டரியை மீட்க முடியுமா என்பதை முக்கியமாக முடிவுசெய்வது, அது எத்தனை நாள் காலியாகவே கிடந்தது என்பதுதான். ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதால் வரும் நட்டம் இதுவே.

முதலில் பார்க்க வேண்டியவை

வண்டி கிளம்பாவிட்டால் பழி முதலில் பேட்டரிமேல்தான் விழும். ஆனால் கைப்பிடியில் உள்ள சிவப்பு நிறுத்தப் பொத்தான் அணைந்த நிலையில் இருக்கலாம். கியர் விழுந்த நிலையில் பக்கவாட்டு ஸ்டாண்ட் இறங்கியிருந்தாலும் பல வண்டிகள் கிளம்பா. ஃபியூஸ் போயிருக்கலாம். பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சுப் படிந்து தொடர்பு அறுந்திருக்கலாம். ஈரமான கடல்காற்று வீசும் ஊரில் கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும். முனைகளைத் துலக்கி இறுக்கியதும் கிளம்பிவிட்ட வண்டிகள் ஏராளம்.

அடுத்ததாக வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சைனாடவுனிலிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் மூன்றாவது நிலையம் ஜாலான் புசார். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவர் போன்ற இடங்களில் இது கிடைக்கும். வண்டியைக் கிளப்ப முயன்ற உடனே அளக்காமல், சில மணி நேரம் விட்டு அளந்தால்தான் சரியான கணக்கு வரும்.

12.6 முதல் 12.8 வோல்ட் வரை: பேட்டரி நிறைந்திருக்கிறது. கோளாறு வேறு இடத்தில்.

12.4 வோல்ட்: ஏறத்தாழ முக்கால் பங்கு. சார்ஜ் செய்தால் போதும்.

12.2 வோல்ட்: பாதி. தாமதிக்காமல் சார்ஜ் செய்ய வேண்டும்.

12.0 வோல்ட்: கால் பங்கு. ஸ்டார்ட்டர் சுழல்வது சந்தேகம்.

11.8 வோல்டுக்குக் கீழ்: காலி. மீளலாம், மீளாமலும் போகலாம்.

10.5 வோல்ட் அளவில், சார்ஜ் செய்த பிறகும் ஏற மறுத்தால்: ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்குமேல் முயல்வதில் பயனில்லை.

பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அமிலம் கசிந்திருந்தாலோ அளவெடுக்கவே தேவையில்லை. அதை மாற்றிவிட வேண்டும்.

மெதுவாக ஏற்றுவதே வழி

பேட்டரியைக் கழற்றும்போது கறுப்பு முனையை முதலிலும் சிவப்பு முனையை அடுத்தும் கழற்ற வேண்டும். சிவப்பில் ஸ்பேனர் இருக்கும்போது அது வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால், கறுப்பு இன்னும் இணைந்திருக்கும் நிலையில் பெரிய தீப்பொறி கிளம்பும். திரும்பப் பொருத்தும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி ஆகியவற்றை முன்கூட்டியே கழற்றி வைப்பது நல்லது.

சார்ஜர் மோட்டார்சைக்கிள் பேட்டரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பொதுவான கணக்கு. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்று முயன்றால் பேட்டரி சூடாகி, தகடுகள் வளைந்து, உள்ளே உள்ள நீர் வற்றிவிடும். அரை ஆம்பியரில் பாதி காலியான பேட்டரிக்கு ஐந்தாறு மணி நேரமும், முழுதும் காலியானதற்கு பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகும். தானாக நிறுத்திக்கொள்ளும் நவீன சார்ஜர் இருந்தால் கவலை குறையும். இறுகிய சல்பேட்டைக் கரைக்க மீட்பு முறை கொண்ட சார்ஜர்களும் உள்ளன. இலேசாக இறுகியதை அவை மீட்கக்கூடும். கல்லாகிப்போனதை எந்தச் சார்ஜரும் மீட்காது.

சார்ஜர் கிளிப்புகளைப் பேட்டரியில் மாட்டிய பிறகே சுவரில் உள்ள சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பைக் கழற்ற வேண்டும். காரணம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நான்கு விழுக்காட்டை எட்டினாலே ஒரு சிறு பொறியில் வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் ஊதுபத்தியும் சாமி விளக்கும் இல்லாத பக்கமாக வைக்க வேண்டும். பேட்டரி கைபொறுக்காத அளவு சூடானால் உடனே நிறுத்த வேண்டும்.

தனிநபர் நடமாட்டச் சாதனங்களுக்கு சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் அறிவுரை இதற்கும் பொருந்தும். ஆள் கவனிக்காமல் இரவு முழுவதும் சார்ஜில் விடக்கூடாது. வீட்டின் வாசலையோ வெளியேறும் வழியையோ அடைத்து வைக்கக்கூடாது. விடுமுறை நாளில் காலையில் தொடங்கினால் மாலைக்குள் பெரும்பகுதி ஏறிவிடும். மிச்சத்தை மறுநாள் ஏற்றலாம். வாகன நிறுத்துமிடத்திலோ தாழ்வாரத்திலோ உள்ள பொது மின்செருகியில் சார்ஜரை மாட்டுவது கூடாது. அது நகர மன்றத்தின் மின்சாரம்.

நீர் ஊற்றும் பழைய வகை பேட்டரியாக இருந்தால், பக்கவாட்டில் உள்ள இரு கோடுகளைப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் தகடுகள் மூழ்கும் அளவு மட்டும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சார்ஜ் செய்து, பிறகு மேல்கோடு வரை நிரப்பலாம். குழாய்நீரும் போத்தலில் விற்கும் குடிநீரும் ஆகா. அமிலத்தை ஊற்றவே கூடாது. மூடி முத்திரையிட்ட பேட்டரியைத் திறக்க முயலக்கூடாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

லித்தியம் என்றால் வேறு கணக்கு

எடை குறைவு என்பதற்காகச் சிலர் லித்தியம் பேட்டரி பொருத்தியிருப்பார்கள். மேலே சொன்ன வோல்ட் அளவுகள் அதற்குப் பொருந்தா. நிறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 13.3 வோல்ட் அளவில் நிற்கும். 12.8ஐக் காட்டினாலே அது பெரும்பாலும் காலி. அதற்கென உள்ள சார்ஜரில் மட்டுமே போட வேண்டும். சல்பேட்டைக் கரைக்கும் மீட்பு முறையை அதன்மேல் பயன்படுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. முழுதும் இறங்கிப்போன, அல்லது உப்பிய லித்தியம் பேட்டரியை வீட்டில் உயிர்ப்பிக்க முயல்வது ஆபத்து.

சார்ஜ் ஏறியதும் மூன்று சோதனைகள்

பச்சை விளக்கு எரிந்ததும் பேட்டரி பிழைத்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். முதல் சோதனை: சார்ஜரைக் கழற்றி அரை நாள் முதல் ஒரு நாள் வரை சும்மா விட்டு அளக்க வேண்டும். 12.6 வோல்டுக்கு மேல் நின்றால் நல்லது. 12.4க்குக் கீழே சரிந்தால் அது மின்சாரத்தைத் தக்கவைக்கவில்லை.

இரண்டாவது: வண்டியில் பொருத்தி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் நொடியில் மீட்டரைப் பார்க்க வேண்டும். அளவு 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்.

மூன்றாவது: இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டு அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் வண்டி பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை. 15ஐத் தாண்டினால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. இந்த இரண்டில் எது இருந்தாலும் புதிய பேட்டரி வாங்கிப் போடுவது வீண்செலவு. ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றியவர்கள் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

அவசரத்துக்கு என்ன செய்யலாம்?

திங்கள் காலை ஐந்து மணிக்குச் சார்ஜ் செய்யக் காத்திருக்க முடியாது. காலால் உதைத்துக் கிளப்பும் வசதி உள்ள வண்டி என்றால் அதுவே எளிய வழி. கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்பலாம். ஆனால் எரிபொருளை மின்பம்பு செலுத்தும் புதிய வண்டிகளில் பேட்டரி முழுதும் காலியாக இருந்தால் தள்ளினாலும் பயனில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளிக் கிளப்பவே முடியாது. நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதையில் தள்ளிவிட்டு முயல்வது, கீழிருந்து கார் ஏறி வரும் இடம் என்பதால் ஆபத்தானது.

வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துக் கிளப்பலாம். சிவப்போடு சிவப்பை முதலில் இணைக்க வேண்டும். கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பேட்டரியிலும், மறுமுனையைக் கிளம்பாத வண்டியின் இயந்திர இரும்பிலும், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். காரிலிருந்து எடுப்பதானால் காரின் இயந்திரம் அணைந்திருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி பொருத்திய வண்டிக்கு இந்த முறை வேண்டாம். எப்படிக் கிளப்பினாலும் அன்று மாலையே முறையாகச் சார்ஜ் செய்வது அவசியம். சைனாடவுனிலிருந்து ஆர்ச்சர்ட் வரை ஓட்டுவதால் காலியான பேட்டரி நிறையாது.

நம்பக்கூடாத சில

காலி பேட்டரிக்குள் உப்பு போடுவது, ஆஸ்பிரின் கரைத்து ஊற்றுவது, தரையில் தட்டுவது என்று பல கைவைத்தியங்கள் உலவுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு ஓரிரு நாள் உயிர் தருவதுபோல் தோன்றினாலும் தகட்டை அரித்துவிடும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டால் போதும் என்பதும் பரவலான நம்பிக்கை. கிளம்பும்போது எடுத்த மின்சாரத்தையே அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தருவது கடினம். நிற்கும் வாகனத்தின் இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும்கூட. உறவினரிடம் சாவியைக் கொடுத்துச் செல்வதானால், அவருக்கு அந்த வண்டியை ஓட்ட உரிமமும் காப்புறுதியும் இருக்கும்பட்சத்தில், வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லலாம்.

குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் பேட்டரியைக் கதகதப்பான அறையில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். காலியான பேட்டரியின் அமிலம் அங்கு உறைந்துவிடும் என்பதால் அந்த எச்சரிக்கை. இங்கு உறைவதற்கு வழியில்லை. வெயில் படாத, கூடியவரை குளுமையான மூலையே இந்த ஊருக்குப் பொருந்தும்.

பயணத்துக்கு முந்திய மாலை

இரண்டு வாரத்துக்கு மேல் வெளியூர் செல்பவர்கள் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, கறுப்பு முனையை மட்டும் கழற்றி, முனையின்மேல் துணி சுற்றிவிட்டால் வண்டியின் சாதனங்கள் மின்சாரம் குடிக்க முடியாது. அலாரம் இயங்காது என்பதால் சங்கிலிப்பூட்டு போடுவது நல்லது. இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் பேட்டரியையே கழற்றி வீட்டில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய யாரிடமாவது சொல்லிச் செல்லலாம். மூன்று ஆண்டைத் தாண்டிய பேட்டரி என்றால் திரும்பி வந்ததும் புதிது வாங்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. வெப்பநாட்டில் அதற்குமேல் உழைத்தால் அது அதிர்ஷ்டம்தான்.

மீளாத பேட்டரியைக் குப்பைக்குழாயில் போடக்கூடாது. ஈயமும் அமிலமும் நஞ்சு. சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதிகளிலும் உள்ள மின்கழிவுத் தொட்டிகள் வீட்டில் பயன்படும் சிறு பேட்டரிகளுக்கானவை. புதியதை வாங்கும் பட்டறையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். ஈயத்துக்கு மறுபயன்பாட்டு மதிப்பு இருப்பதால் பட்டறைகள் பொதுவாக வாங்கிக்கொள்ளும்.

கறுப்பு முனையைக் கழற்ற ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். பெட்டி கட்டும் மாலையில் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கியவர், திரும்பிவந்த மறுநாள் முனையை மாட்டிவிட்டு நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பலாம்.